அழகாபுரத்தில் பெற்றோரின் பழைய வீட்டை விற்பதற்கு முன் எவ்வளவு செலவு செய்யலாம்?

கேள்வி: அழகாபுரத்து மூத்த மகள்

அனைவருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் என் அப்பா 1986-இல் கட்டிய வீட்டை விற்றுவிடுவது என்று நாங்கள் மூன்று பிள்ளைகளும் பேசி முடித்திருக்கிறோம். அப்பா இரும்பாலையில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் வங்கியில் கடன் வாங்கியும் ஐந்தரை சென்ட் மனையில் முதலில் தரைத்தளம் மட்டும் கட்டினார்; 1998-இல் தம்பி படிப்பதற்காக மாடியில் ஓர் அறையை எடுத்தார். அப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவும் போன பிறகு இரண்டு ஆண்டுகளாக வீடு பூட்டியே கிடக்கிறது. நான் கோவையிலும், தம்பி பெங்களூருவிலும், தங்கை சிங்கப்பூரிலும் இருப்பதால், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நான் போய்த் திறந்து பெருக்கிவிட்டு வருவதோடு சரி.

வீட்டின் நிலையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் மொசைக் தரை. மங்கியிருக்கிறதே தவிர எங்கும் உடையவில்லை. பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கூடத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுக ஒரு மெல்லிய விரிசல் ஓடுகிறது. சமையலறை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடில் கம்பி தெரிகிறது. மொட்டை மாடியில் தட்டு ஓடு பதித்திருக்கிறது. அதன் இடைவெளிகளில் செடி முளைத்திருக்கிறது. கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் உப்பு.

ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, தரைக்கு டைல்ஸ், சமையலறைக்கு புதிய கிரானைட் மேடை, சுவர்களுக்குப் பட்டி பார்த்து எமல்ஷன் என்று ஆறரை லட்சம் கேட்கிறார். தம்பி அதைச் செய்துவிடலாம் என்கிறான். தரகரோ, "வாங்குகிறவர் இடித்துவிட்டுத்தான் கட்டுவார், நிலத்துக்குத்தான் விலை, ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்" என்கிறார். இரண்டையுமே என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அப்பா ஒவ்வொரு செங்கல்லையும் நனைத்துக் கட்ட வைத்த வீட்டை அழுக்கும் உப்புமாக நாலு பேருக்குக் காட்ட மனம் வரவில்லை. குறையைச் சாயம் பூசி மறைத்து ஒருவரிடம் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. இப்போது சித்திரை முடியப்போகிறது. ஆவணியில் வீட்டைக் காட்டத் தொடங்க வேண்டுமென்றால், இடையிலுள்ள மூன்று மாதங்களில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: சூரமங்கலம், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

அம்மா, வணக்கம். உங்கள் காண்ட்ராக்டர் சொன்னதில் வீட்டின் நோய்க்கு மருந்து எதுவுமே இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். டைல்ஸ், கிரானைட், எமல்ஷன் மூன்றும் மேல்பூச்சு. ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, முதல் மழையிலேயே கொப்புளம் கொப்புளமாகப் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் ஆவணியில் வீட்டைக் காட்டும்போது சரியாக அந்தக் கோலத்தில்தான் சுவர் நிற்கும்.

ஆகவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து இரண்டரை அடிக்குள் நின்று உப்புப் பூத்தால் அது பெரும்பாலும் மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சி ஏற்றும் ஈரம். கூரையை ஒட்டிக் கறை இருந்தால் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நீர். நடுச்சுவரில் திட்டாக இருந்து அதன் பின்புறம் குளியலறை இருந்தால் குழாய்க் கசிவு. உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. ஓதம் உள்ள இடத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிமுகத்தில் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போய்விடும்.

மண்ணிலிருந்து ஏறுவதுதான் என்றால் வீட்டுக்குள் வேலையைத் தொடங்காதீர்கள், வெளியே வந்து பாருங்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: தெருவில் சாலைமேல் சாலையாகப் போட்டு மட்டம் உயர்ந்திருக்கும், அதற்கு ஈடாக வீட்டுக்காரரும் வாசலிலும் பக்கச் சந்திலும் மண் கொட்டிச் சிமென்ட் தளம் போட்டிருப்பார், கட்டும்போது இரண்டடி உயரம் இருந்த அடித்தளம் இன்று முக்காலடியாகக் குறைந்திருக்கும், சந்துத் தளத்தின் வாட்டமும் சுவரை நோக்கியே சரிந்திருக்கும். அப்படி இருந்தால் சுவரை ஒட்டிய தளத்தை வெட்டியெடுத்து, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் மாற்றிப் போடுங்கள். பிறகு உள்பக்கம், ஓதம் நின்ற கோட்டுக்கு மேலும் ஓர் அடி உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுவரைத் திறந்தபடியே காயவிடுங்கள். இது சித்திரை, வைகாசி வெயிலில் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். மூன்று நான்கு வாரம் காய்ந்த பிறகு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, மேலும் நான்கு வாரமாவது ஆறவிட்ட பிறகே சாயத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

கூரைக்குக் கீழே நெடுக ஓடும் விரிசல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கான்கிரீட் தளம் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் பூச்சு பிளக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப்போல் இறங்கும் விரிசல் இருந்தால்தான் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் விரிசலின் குறுக்கே இரண்டு இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பட்டையாகப் பூசி, அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் பட்டை உடையாமல் இருந்தால் விரிசல் நின்றுவிட்டது என்று வருகிறவரிடம் கையைக் காட்டிச் சொல்லலாம்.

சன்ஷேடை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கம்பியில் ஏறும் துரு, அரிபட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். தளர்ந்த பகுதியைத் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, அதற்குரிய கலவையால் மூட வேண்டும். வீடு பார்க்க வருகிறவர் தலைமேல் ஒரு துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மொட்டை மாடியில் முளைத்த செடிகளை வேரோடு எடுத்து ஓட்டு இணைப்புகளை மறுபடி அடையுங்கள். ஆலோ அரசோ முளைத்திருந்தால் மேலே கிள்ளிவிட்டால் போதாது. வேர் தளத்துக்குள் இறங்கியிருக்கும். அடைத்த ஈரம் காய்ந்த பின் மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கீழே கூரையில் ஈரம் தெரியாவிட்டால் மாடிக்குச் செலவில்லை.

மொசைக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். மிஷின் வைத்துப் பாலிஷ் போட்டாலே அது கண்ணாடிபோல் மீண்டுவிடும். கறை போக வேண்டுமென்று கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதில் ஊற்றிவிடாதீர்கள். சிமென்ட்டையும் சலவைக்கல் சில்லுகளையும் அது அரித்து, தரையைச் சொரசொரப்பாக்கிவிடும். பாலிஷ் போடும்போது சேறு சுவரில் தெறிக்கும் என்பதால், கடைசிக் கோட்டுச் சாயத்துக்கு முன் அதை முடித்துவிட வேண்டும்.

தரகர் அவசரப்படுத்தினாலும் ஒன்றில் உறுதியாக இருங்கள். சேலத்தில் ஆடி மாதத்தில் யாரும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வரமாட்டார்கள்; கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்துதான் பேச்சே எழும். அதற்குள் ஒன்றிரண்டு நல்ல மழையாவது பெய்திருக்கும். திருத்திய சுவர் அந்த மழையைத் தாங்கி நிற்பதை நீங்கள் முதலில் பாருங்கள், பிறகு சாயம் அடியுங்கள்.

பதில் 2: அஸ்தம்பட்டி, பத்திர எழுத்தர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகள்

சுவரைப் பற்றிப் பொறியாளர் ஐயா சொன்ன பிறகு நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் சுவர் காய்கிற மாதங்களில் தாள்களைத் தயார் செய்யாவிட்டால், வீடு கண்ணாடிபோல் இருந்தாலும் விற்பனை நின்றுபோகும். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குகிறவராக இருந்தால் வங்கியின் வழக்கறிஞர் முதலில் திறப்பது வீட்டுக் கதவை அல்ல, உங்கள் கோப்பை.

சொத்து அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் மறைந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள்களோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே அப்பா மறைந்த அன்று உங்கள் பாட்டி உயிரோடு இருந்தாரா என்பதை எழுதுங்கள். இருந்திருந்தால் அவருடைய பங்கு உங்கள் சித்தப்பா, அத்தைகளுக்கும் போயிருக்கும். அவர்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கும். பலரும் இதை மறந்துவிட்டுக் கிரய நாளன்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி முன்னதாகவே மறைந்திருந்தால் அதற்கான இறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அவற்றைக் கொண்டு நகர நில அளவைப் பதிவேட்டிலும், சொத்து வரியிலும், குடிநீர் இணைப்பிலும், மின் இணைப்பிலும் பெயர் மாற்றுங்கள். மூவருக்கும் விற்கச் சம்மதம் என்றால் ஒருவர் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் உங்களுக்குள் எழுதிக்கொள்ள அவசியமில்லை. கிரயப் பத்திரத்தில் மூவருமே விற்பவராகக் கையெழுத்திட்டால் போதும்.

அப்பா வங்கியில் கடன் வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை, பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் எடுத்துப் பாருங்கள். அந்தக் கடனுக்கு அடமானம் பதிவாகியிருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகாமல் விட்டுப்போயிருந்தால், கட்டி முடித்துப் பல ஆண்டுகள் ஆன கடன்கூட இன்றும் உயிரோடு இருப்பதுபோல் வில்லங்கத்தில் தெரியும். அந்த வங்கிக் கிளை வேறிடம் மாறியிருக்கலாம், வேறு வங்கியோடு இணைந்திருக்கலாம். பழைய கணக்கைத் தேடிப் பிடித்து ரசீதைப் பதிவு செய்ய நாளாகும். இதை இன்றே தொடங்குங்கள்.

1998-இல் கட்டிய மாடி அறைக்கு வரைபட அனுமதி உண்டா? இல்லையென்றால் வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனையையும் ஒரு முறை சர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள். பத்திரத்தில் உள்ள அளவுக்கும் காம்பவுண்டுக்குள் இருக்கும் அளவுக்கும் அரையடி வித்தியாசம் வந்தால்கூட, அதை நீங்களே முதலில் கண்டுபிடித்துச் சொல்வது ஒன்று, கிரயத்துக்கு முந்தைய நாள் அவர் கண்டுபிடிப்பது வேறு.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை நேரில் வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) சான்றொப்பம் பெற்று, தன் சார்பில் இங்குள்ள ஒருவர் கையெழுத்திட அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். அவர் வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர் என்றால், அவருடைய பங்கில் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி, உங்களுக்குப் பிடிக்கும் ஒரு சதவீதத்தைப்போல் இருக்காது, பல மடங்கு கூடுதலாக இருக்கும். குறைந்த வீதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் பெற வழி உண்டு. ஆடிட்டரை இப்போதே பாருங்கள். 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி நிலவிய சந்தை மதிப்பையும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற லாபத்துக்கான வரியைக் கணக்கிடும்போது, அதற்கு முன் அடைந்த சொத்துக்கு அந்த மதிப்பை, அரசின் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

குறையை மறைப்பது பற்றி மனச்சாட்சியோடு எழுதியிருந்தீர்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, தனக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும்.

பதில் 3: கன்னங்குறிச்சி, ஓராண்டாக வீடு தேடுபவர்

நான் வாங்கும் பக்கத்தில் நிற்பவன் என்பதால் சுருக்கமாகச் சில சொல்கிறேன். இதுவரை பதினோரு வீடுகள் பார்த்துவிட்டேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டில் மற்ற மூன்று சுவர்களும் பழைய சாயத்தில் இருக்க, ஒரே ஒரு சுவர் மட்டும் புதுச் சாயத்தில் மின்னியது. அதற்கு மேல் அந்த வீட்டில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை. விலையைக் கேட்காமலேயே திரும்பிவிட்டேன்.

நான் போனதும் செய்வது குழாயைத் திறப்பதுதான். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தரைத்தொட்டி எவ்வளவு கொள்ளும், சித்திரையில் கிணறு எந்த மட்டத்துக்கு இறங்கும் என்று கேட்பேன். ஒரு வீட்டுக்காரர் மட்டும்தான் தயங்காமல் பதில் சொன்னார். உங்கள் கிணற்று நீர் உப்பு என்றால் அதைச் சொல்லுங்கள். பரிசோதித்த தாளும் இருந்தால் இன்னும் நல்லது. குழாய்களில் படிந்த உப்பை எலுமிச்சைச் சாற்றாலோ வினிகராலோ தேய்த்து எடுத்துவிடலாம்.

கிரானைட் மேடைக்குச் செலவு செய்யாதீர்கள். என் மனைவிக்கு எந்த உயரத்தில் மேடை வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். கிரய மதிப்பில் முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் என்று நாங்கள் ஏற்கெனவே எண்ணி எண்ணிப் பணம் சேர்க்கிறோம். நீங்கள் போட்ட மேடையைப் பெயர்த்தெடுக்கும் கூலியும் அதில் சேர வேண்டாம்.

பதில் 4: ஏற்காட்டில் அம்மா வீட்டை விற்றவள்

அக்கா, உங்கள் கேள்வியில் "பூட்டியே கிடக்கிறது" என்ற இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எங்கள் அம்மா வீடு சேர்வராயன் மலையில் ஒரு சரிவில் இருந்த ஓட்டு வீடு. மலையில் ஆறு மாதம் பூட்டினாலே மர அலமாரிக்குள் பூஞ்சை வந்துவிடும், படிகளில் பாசி ஏறிவிடும். முதலில் வந்து பார்த்த இரண்டு குடும்பங்களும் கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டன. வீட்டில் எந்தப் பழுதும் இல்லை, ஆள் புழக்கம் இல்லாததுதான் பழுது.

பிறகு பக்கத்தில் இருந்த ஓர் அம்மாளிடம் சாவியைக் கொடுத்து, மாதச் சம்பளமும் பேசினோம். பனி விலகிய பின் தினமும் ஜன்னல்களைத் திறந்து வைத்து, வாசல் பெருக்கிக் கோலமிட்டு, மாலையில் ஒரு விளக்கேற்றிவிட்டுப் பூட்டுவார். இரண்டே மாதத்தில் வீட்டின் முகமே மாறிவிட்டது. மூன்றாவதாக வந்தவர்கள் "யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். அவர்களே வாங்கினார்கள்.

சாமான்களை ஒழிப்பதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அப்படி வைத்துக்கொண்டு, அம்மாவின் பித்தளை அண்டாவையும் அப்பாவின் மேசையையும் அவசரத்தில் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிட்டு, இன்றுவரை வருந்துகிறோம். உடன்பிறந்தவர்கள் மூவரும் ஒரே நாளில் போய், யாருக்கு எது என்று உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய பெற்றோர் படங்களை வீடு காட்டத் தொடங்குமுன் உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். அந்நியர்கள் அவற்றின் முன் நின்று விலை பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. பூஜையறையை மட்டும் கடைசிவரை கலைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர் மீண்டும்: அழகாபுரத்து மூத்த மகள்

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் தம்பியும் சேலத்தில் இருந்தோம். தங்கை காணொளி அழைப்பில் உடன் இருந்தாள்.

பொறியாளர் ஐயா, நீங்கள் நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். பக்கச் சந்தில் அம்மா காலத்தில் போட்ட சிமென்ட் தளம் சுவரை நோக்கித்தான் சரிந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். நேராக ஓதம் ஏறிய சுவரடியில் போய் நின்றது. பிளாஸ்டிக் தாளில் உள்பக்கம்தான் நீர் கோத்திருந்தது. காண்ட்ராக்டரிடம் ஆறரை லட்சம் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தளம், பூச்சு, சன்ஷேட், மாடி ஓட்டு இணைப்பு, மொசைக் பாலிஷ், கடைசியில் வெள்ளை என்று ஒரு கொத்தனாரிடம் கேட்டோம். ஒன்றே முக்கால் லட்சத்துக்குள் முடியும் என்கிறார். தம்பிக்கு டைல்ஸ் போடாததில் சற்று வருத்தம்தான். ஆனால் மொசைக்கின் ஒரு மூலையை ஈரத் துணியால் துடைத்ததும் அப்பா தேர்ந்தெடுத்த பச்சைச் சில்லுகள் தெரிந்தபோது அவனே வேண்டாமென்றுவிட்டான்.

அஸ்தம்பட்டி ஐயாவின் கேள்விக்கு: பாட்டி 2009-இலேயே, அப்பாவுக்கு முன்பே மறைந்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழை எடுத்ததில், நீங்கள் பயந்தபடியே 1986-ஆம் ஆண்டு அடமானம் அப்படியே நிற்கிறது. அப்பா 1999-இல் கடனைக் கட்டி முடித்த வங்கிக் கடிதம் அவருடைய இரும்புப் பெட்டியில், பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை நான் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறேன். மாடி அறைக்கு அனுமதி கிடையாது. வருகிறவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவோம்.

ஏற்காட்டுத் தங்கையே, எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தாயிற்று. சம்பளம் வேண்டாம் என்று மறுத்தவரை மிகவும் வற்புறுத்தித்தான் சம்மதிக்க வைத்தேன். அப்பா, அம்மா படங்கள் இப்போது கோவையில் எங்கள் கூடத்தில் இருக்கின்றன. விரிசலின் குறுக்கே இரண்டு பட்டைகள் பூசி, தம்பி தன் கையால் தேதி எழுதியிருக்கிறான். ஆடி மழை பெய்த பிறகு அவை எப்படி இருக்கின்றன என்று இங்கே வந்து எழுதுகிறேன்.